மாடலும் டேட்டாவும்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆய்வு செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பர்கூர், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரிகளின் கடைசி வருட மாணவர்கள், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிப்பவர்கள், சொந்தமாகச் சின்ன யூனிட் நடத்துகிறவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. கையில் டேட்டா இருக்கும். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்கும் கேள்விகளே இங்கே இருக்கின்றன. "வைத்துக்கொள்வோம்" என்று தொடங்கும் கணக்குகளில் உள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

எந்த மாடல் போடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடலாமா?

வேண்டாம். முதலில் முடிவாக வேண்டியது கேள்வி. "ஓசூர் தொழிற்சாலைகளில் பணியாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு" என்பது வெறும் தலைப்பு. "இரண்டாம் ஷிஃப்டில் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டுப் போவது முதல் ஷிஃப்டைவிட அதிகமா? ராத்திரி ஊர் திரும்ப பஸ் இல்லாததுதான் அதற்குக் காரணமா?" என்பது கேள்வி. இப்படிக் கேட்டுவிட்டால் என்ன டேட்டா வேண்டும் என்பது தானாக வந்துவிடும்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஷிஃப்ட், ஊர், கடைசி பஸ் நேரம். எந்த முறையில் அலசுவது என்பதும் அதிலிருந்தே கிடைக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் விடை "ஆம்" என்று வந்தால் யார், எந்த முடிவை மாற்றுவார்கள்? "இல்லை" என்று வந்தால்? இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்றால் கேள்வியை மாற்றுங்கள்.

மாடல் என்றால் சரியாக என்ன?

நிஜத்தில் நடப்பதில் நமக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக் கணக்காக எழுதுவது. இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, இயற்பியல் தெரிந்து சமன்பாடு எழுதுவது. மற்றது, நிறைய அளவுகளைக் கொடுத்து உறவைக் கண்டுபிடிக்கச் செய்வது.

முதல் வகைக்கு உதாரணம், கால்வாயில் ஓடும் தண்ணீரைக் கணக்கிட ராபர்ட் மேனிங் தந்த சூத்திரம். சிவில் படித்தவர்களுக்குத் தெரியும். அதில் கால்வாயின் சொரசொரப்பைக் குறிக்க ஓர் எண் வரும். வழவழப்பான கான்கிரீட்டுக்கு அது சுமார் 0.013. புல் முளைத்து, சேறு படிந்த மண் கால்வாய்க்கு 0.025ஐத் தாண்டிவிடும். இந்த எண் இரண்டு மடங்கானால் கணக்கில் வரும் நீரோட்டம் பாதியாகிவிடும். கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணையின் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று பார்க்கப் போகிறவர் பாடப்புத்தகத்து 0.013ஐப் போட்டால், வராத தண்ணீர் வருவதாகக் கணக்கு சொல்லும். சூத்திரத்தில் தவறில்லை. அந்த ஓர் எண்ணுக்காகக் கால்வாய்க் கரையில் நடந்து பார்க்க வேண்டும்.

பொறியியல் ஆய்வும் நிறுவன ஆய்வும் வேறு வேறு துறைகள்தானே? ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்?

அளவு எடுப்பதும் மனிதர்கள், முடிவு எடுப்பதும் மனிதர்கள் என்பதால். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி, 7 பேர் இறந்தார்கள். உந்து ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகி, சரியாக அடைக்காததுதான் தொழில்நுட்பக் காரணம். முந்தின இரவே அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் இன்ஜினியர்கள், இவ்வளவு குளிரில் ஏவ வேண்டாம் என்றார்கள். பிறகு நடந்த பேச்சில் அதே நிறுவனத்தின் மேலாளர்கள் முடிவை மாற்றி ஒப்புதல் கொடுத்தார்கள்.

அன்று டேட்டாவைப் பார்த்த விதத்திலும் ஒரு குறை இருந்தது. வளையம் பழுதான ஏவுதல்களை மட்டும் வெப்பநிலையோடு ஒப்பிட்டார்கள். சுமார் 12 டிகிரி செல்சியஸிலும் பழுது இருந்தது, 24 டிகிரியிலும் இருந்தது. ஆகவே வெப்பநிலைக்கும் பழுதுக்கும் சம்பந்தம் இல்லாதது போலத் தெரிந்தது. பழுதாகாத ஏவுதல்களையும் அதே படத்தில் சேர்த்திருந்தால், அவை எல்லாமே 18 டிகிரிக்கு மேல் நடந்தவை என்பது பளிச்சென்று தெரிந்திருக்கும். அன்று காலையோ உறைநிலையை ஒட்டிய குளிர்.

ஓசூரில் ஒரு யூனிட்டில் ரிஜெக்ஷன் ஏன் வருகிறது என்று பார்க்கும்போதும் இதே ஆபத்து இருக்கிறது. ரிஜெக்ட் ஆன பாகங்களின் விவரத்தை மட்டும்தான் பெரும்பாலும் எழுதி வைத்திருப்பார்கள். பாஸ் ஆன பாகங்கள் எந்த மெஷினில், எந்த ஷிஃப்டில் ஓடின என்று தெரியாமல் காரணம் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு வாரமாவது நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.

மாங்கூழ் தொழிற்சாலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இதற்கு மாடல் போட முடியுமா?

முடியும். நம் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான புராஜெக்ட் இல்லை என்றே சொல்வேன். சீசனில் பெங்களூரா ரகக் காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் ஒரே நேரத்தில் வந்து குவிகின்றன. நிற்க நிற்க எடை குறைகிறது, அடியில் இருப்பது நசுங்குகிறது. நஷ்டம் விவசாயி தலையில்தான் விழுகிறது.

முதலில் கைவசம் வேண்டியது ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி. வரிசையில் சராசரியாக நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை, மணிக்கு வரும் வண்டிகளை ஒரு வண்டி காத்திருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. மணிக்கு 6 வண்டி வருகிறது, சராசரியாக 30 வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வண்டி காத்திருப்பது சராசரியாக 5 மணி நேரம். ஒவ்வொரு டிரைவரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. கேட் ரிஜிஸ்டரும், மணிக்கு ஒரு தரம் எண்ணிய வரிசையும் போதும்.

அடுத்தது, பலருக்கும் ஆச்சரியம் தரும் விஷயம். ஒரே ஒரு இறக்குமிடம், வண்டிகள் தாறுமாறான இடைவெளியில் வருகின்றன, இறக்கும் நேரமும் கூடிக் குறைகிறது என்ற எளிய வரிசைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமிடம் 80 சதவீத நேரம் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே இறக்குவதையும் சேர்த்து சராசரியாக 4 வண்டி இருக்கும். 90 சதவீதம் ஆனால் 9 வண்டி. 95 சதவீதம் ஆனால் 19. வேலை 15 சதவீதப் புள்ளிதான் கூடியது. கூட்டமோ கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. "மெஷின் சும்மா நிற்கக் கூடாது" என்று நினைக்கும் முதலாளிக்கு இந்த மூன்று எண்களைக் காட்டுங்கள். முழுக் கொள்ளளவை ஒட்டி ஓட்டுவதன் விலை வாசலில் நிற்கிறது என்று புரியும்.

ஆனால் இந்தச் சூத்திரத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வண்டிகள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் பகலில் காய் பறித்து, சாயங்காலம் ஏற்றி, ராத்திரியில் கூட்டமாக வருகிறார்கள். அதனால் உண்மையான வரிசை சூத்திரம் சொல்வதைவிட நீளமாக இருக்கும். இங்கேதான் கணினியில் உருவகப்படுத்திப் பார்க்கும் முறை, அதாவது சிமுலேஷன், உதவுகிறது. நிஜமான வருகை நேரங்களைக் கொடுத்துவிட்டு, "இரண்டாவது இறக்குமிடம் போட்டால்?", "ஊர்வாரியாக டோக்கன் நேரம் கொடுத்தால்?" என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். டோக்கனுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். முதலில் அதை ஓட்டிப் பாருங்கள்.

சராசரி எடுத்தால் போதாதா?

எதற்காக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பிரச்சினை இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி. ஒரு ஊரில் 10 போர்வெல், ஏழில் 0.5, மூன்றில் 2.8 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1.19. அறிக்கையில் அந்த ஊர் 1.5க்குள் வந்துவிடும். அந்த மூன்று போர்வெல்லை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளைகளின் பல்லில் கறை படிந்துகொண்டே இருக்கும்.

இங்கே கேட்க வேண்டியது "எத்தனை போர்வெல் வரம்பைத் தாண்டுகிறது, அதை எத்தனை குடும்பம் குடிக்கிறது" என்பது. கூடவே மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

சாம்பிள் 384 எடுக்கச் சொல்கிறார்கள். ஏன் அந்த எண்?

1.96 × 1.96 × 0.5 × 0.5 ÷ (0.05 × 0.05) = 384.16. அவ்வளவுதான் அதன் ரகசியம். பெரிய மக்கள்தொகையில் ஒரு சதவீதத்தை, 95 சதவீத நம்பகத்தோடு, 5 சதவீதப் புள்ளி கூடக் குறைய இருக்கலாம் என்ற துல்லியத்தில் மதிப்பிட இது வேண்டும். கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட அட்டவணை மூலம் இது எல்லா ஆய்வேட்டிலும் புகுந்துவிட்டது. மொத்தமே 400 பேர் இருக்கும் தொழிற்சாலை என்றால் அதே அட்டவணைப்படி 196 போதும்.

இந்தக் கணக்கு பொருந்த, ஒவ்வொருவரும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டு 384 பேர் நிரப்பினால் அந்த 384க்கு அர்த்தம் இல்லை. வருகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுத்த 80 பேர் அதைவிட மேல். இரண்டு குழுக்களை ஒப்பிடுவது, ரிக்ரஷன் போடுவது (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடுவது) போன்றவற்றுக்கு சாம்பிள் கணக்கு முற்றிலும் வேறு.

கேள்வித்தாளுக்குக் குரோன்பாக் ஆல்ஃபா 0.9 வந்திருக்கிறது. நல்லதுதானே?

அவசரப்பட வேண்டாம். லீ குரோன்பாக் 1951இல் தந்த இந்த அளவு, ஒரே விஷயத்தைக் கேட்கும் கேள்விகளுக்கு வரும் பதில்கள் ஒன்றோடு ஒன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்கிறது. ஒரே கேள்வியை எட்டு விதமாக மாற்றிக் கேட்டாலும் ஆல்ஃபா ஏறும். எல்லாவற்றுக்கும் "முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரே நேர்கோட்டில் டிக் அடித்தவர்கள் நிறைய இருந்தாலும் ஏறும். கேட்க நினைத்ததைத்தான் கேட்டிருக்கிறீர்களா என்பதை அது சொல்லாது.

நான் முதலில் கேட்பது வேறு: தாளை யார் கொடுத்தார்கள், யார் திரும்ப வாங்கினார்கள்? சூப்பர்வைசர் கையில் திரும்பிய தாள்களில் "என் சூப்பர்வைசர் நியாயமாக நடந்துகொள்கிறார்" என்ற வரிக்கு என்ன பதில் வரும் என்று கணிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பூட்டிய பெட்டி வையுங்கள். கேண்டீன் நேரத்தில், மேலாளர்கள் இல்லாத இடத்தில் கொடுங்கள். பெயர், எம்ப்ளாயி எண் கேட்காதீர்கள். ஓசூரில் ஒரே லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா பேசுகிறவர்கள் நிற்கிறார்கள். அவரவர் மொழியில் தாள் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொன்னதைத்தான் எழுதுவார்கள்.

அப்புறம், வேலையை விட்டுப் போனவர்கள் உங்கள் சாம்பிளில் இருக்க மாட்டார்கள். அதிருப்தி பற்றிய ஆய்வில் மிக அதிருப்தியானவர்களே விடுபட்டுப் போகிறார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளர்களை "எங்கள் ரோலில் இல்லை" என்று விட்டுவிடுவதும் வழக்கமாக நடக்கிறது. அவர்களை விட்டால் ஆய்வின் தலைப்பிலேயே "நிரந்தரப் பணியாளர்கள்" என்று எழுதிவிடுங்கள். அதுதான் நேர்மை.

மோசமான ஐந்து லைனுக்குப் பயிற்சி கொடுத்தோம். அடுத்த மாதம் ரிஜெக்ஷன் குறைந்தது. பயிற்சி பலித்தது என்று எழுதலாமா?

இன்னும் இல்லை. ஒரு மாதம் மிக மோசமாக இருந்த லைனில் ஒரு பகுதி காரணம் நிரந்தரமானது, இன்னொரு பகுதி அந்த மாதத்து அதிர்ஷ்டக் குறைவு. அடுத்த மாதம் அந்த அதிர்ஷ்டக் குறைவு அப்படியே தொடராது. ஆகவே ஒன்றுமே செய்யாவிட்டாலும் கொஞ்சம் தேறும். 1880களில் பிரான்சிஸ் கால்டன், பெற்றோர் பிள்ளைகள் உயரத்தை அளந்தபோது கண்டது இதைத்தான்: மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியை நோக்கி வந்திருந்தார்கள்.

வழி இருக்கிறது. மோசமான பத்து லைனை எடுத்து, குலுக்கிப் போட்டு ஐந்துக்கு இந்த மாதம் பயிற்சி, மீதி ஐந்துக்கு இரண்டு மாதம் கழித்து. யாருக்கும் பயிற்சி மறுக்கப்படவில்லை, ஒப்பிட ஒரு குழுவும் கிடைத்துவிட்டது. குறைந்த செலவில் இதைவிட உறுதியான ஆதாரம் கிடைக்காது. புராஜெக்ட் செய்கிறவர்கள் மேலாளரிடம் துணிந்து இதைக் கேளுங்கள்.

டேட்டா கருவியில் இருந்து வருகிறது. அதையும் சந்தேகப்பட வேண்டுமா?

ஆமாம். ஒரே பாகத்தை மூன்று பேர் வெர்னியரில் அளந்தால் மூன்று அளவு வரும். வாகன உதிரிபாகத் தொழிலில் இதற்கென்றே ஒரு முறை உண்டு. பத்து பாகம், மூன்று பேர், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை அளப்பது. மொத்த வேறுபாட்டில் அளவீட்டால் வருவது 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது. 30ஐத் தாண்டினால் அந்த அளவை வைத்து முடிவு எடுக்கக் கூடாது. இதைச் செய்யாமல் நேரே சி.பி.கே. (மெஷினின் அளவுகள் அனுமதித்த வரம்புக்குள் எவ்வளவு வசதியாக நிற்கின்றன என்று காட்டும் எண்) கணக்குப் போட்டு, 1.33 வரவில்லை என்று மெஷினைத் திட்டுவதில் பயனில்லை.

ரிஜிஸ்டரையும் பாருங்கள். மணிக்கு ஒரு தரம் எழுத வேண்டிய எட்டு அளவுகளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லாம் 25.00 என்றிருந்தால் அது ஷிஃப்ட் முடிவில் ஒரே மூச்சில் எழுதியது. எழுதியவரைக் குற்றம் சொல்ல இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரே ஆளுக்கு மூன்று மெஷின் கொடுத்திருந்தால் அவர் வேறு எப்படி எழுதுவார்? அதுவே உங்கள் நிறுவன ஆய்வுக்கு ஒரு கண்டுபிடிப்பு.

என் மாடல் 97 சதவீதம் சரியாகச் சொல்கிறது. போதுமா?

நூற்றுக்கு மூன்று பாகம்தான் பழுது என்றால், கண்ணை மூடிக்கொண்டு "எல்லாம் நல்லது" என்று சொன்னாலே 97 சதவீதம் வந்துவிடும். பழுதான மூன்றில் எத்தனையைப் பிடித்தது, நல்லதில் எத்தனையைத் தவறாகப் பிடித்தது என்று தனித்தனியே சொல்லுங்கள்.

இரண்டாவது, மாடல் பார்க்காத டேட்டாவில் சோதித்தீர்களா? நாள் வரிசையில் வரும் டேட்டாவைக் கலைத்துப் போட்டுப் பாதியில் கற்பித்து, பாதியில் சோதிப்பது நம் பக்கம் பரவலாக நடக்கிறது. செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் தெரிந்தால் புதன்கிழமையை யாரும் சொல்லிவிடலாம். 2022 வரை கற்பித்து, 2023ஐச் சொல்லச் செய்யுங்கள். அதுதான் பரீட்சை.

மூன்றாவது, கற்றதன் எல்லை. கே.ஆர்.பி. அணைக்கு நீர்வரத்தைக் கணிக்கும் மாடல் போட்டால், மழை மட்டும் போதாது. மேலே ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதும் வேண்டும். அது மனிதர்கள் எடுக்கும் முடிவு. அதையும் சேர்த்துவிட்டீர்கள், மாடல் பல வருடங்களுக்கு அழகாகப் பொருந்துகிறது, சரி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் ஒரு வருடம் முழுக்கப் பெறும் மழையில் பாதிக்கும் மேல். அப்படி ஒரு நாளை மாடல் பார்த்ததே இல்லையென்றால், அந்த நாளுக்கு அது தரும் எண்ணை ஏற்கக் கூடாது. "இத்தனை சென்டிமீட்டர் வரைதான் இந்த மாடல்" என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அணை, ஏரி, பாலம் சம்பந்தப்பட்ட வேலையில் இந்த ஒரு வரிக்கு உயிர் காக்கும் மதிப்பு உண்டு.

பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால் நிரூபணம் ஆகிவிட்டதா?

இல்லை. உண்மையில் வித்தியாசமே இல்லை என்று எடுத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும்தான் அது சொல்கிறது. வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. இருபது ஜோடிகளைச் சோதித்தால் ஒன்றாவது தற்செயலாக 0.05க்குக் கீழே வருவது சகஜம். எத்தனை சோதித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

எந்த மென்பொருள்?

தெரிந்தது எதுவானாலும் சரி. ஆர், பைத்தான் இலவசம். மவுஸால் கிளிக் செய்து வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு ஜமோவி, ஜாஸ்ப் இருக்கின்றன, அவையும் இலவசம். குடிநீர்க் குழாய் வலையமைப்புக்கு ஈபாநெட். எக்செல்லும் நல்ல கருவிதான், ஆனால் பெரிய டேட்டாவுக்கு வேண்டாம். 2020இல் இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பின் 65,536 வரிசை எல்லையால் சுமார் 16,000 கொரோனா நோயாளிகளின் பதிவு உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனது.

கம்பெனி டேட்டா தர மறுக்கிறது. புராஜெக்டை விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. போட்டிக் கம்பெனிகளும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கின்றன. கேட்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். பெயர்கள் வேண்டாம், வரிசை எண் போதும் என்று எழுதிக் கொடுங்கள். உற்பத்தி எண்ணிக்கையைச் சொல்ல மனமில்லையா? முதல் மாதத்தை 100 என்று வைத்து மற்ற மாதங்களை அதன் விகிதமாகத் தரச் சொல்லுங்கள். ஏற்ற இறக்கத்தை அலச அதுவே போதும்.

அதுவும் கிடைக்காவிட்டால் கேட்டுக்கு வெளியே கிடைப்பதை எடுங்கள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று எண்ண யார் அனுமதியும் வேண்டாம். மழை, நிலத்தடி நீர்மட்டம், தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு ஆகியவை அரசுத் தளங்களில் கிடைக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் பயிற்சி டேட்டாவை முறையைக் கற்றுக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்; அதை வைத்து ஓசூரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். கம்பெனியிடம் கேட்பதானால் ஜூன், ஜூலையிலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள். ஆயுத பூஜை, தீபாவளி நெருங்கிவிட்டால் எச்.ஆர். மேசையில் அது அடுத்த வருடம் வரை கிடக்கும்.